மூணு மாசத்துல ரெண்டு கிலோ

முயல் குட்டிக்கு எந்த பெல்லட் (குச்சி குச்சியாக அழுத்திச் செய்த தீவனம்) நல்லது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், பதிலுக்கு ஒரு பிராண்டுப் பெயர் வந்து விழும். கடைக்காரர் ஒன்று சொல்வார், யூடியூபில் வருகிறவர் இன்னொன்று சொல்வார், ஏற்கெனவே முயல் வளர்க்கும் நண்பர் ஒருவர் "அதெல்லாம் வேஸ்ட்டுங்க, நான் கோழித் தீவனம்தான் போடறேன், நல்லாத்தானே இருக்கு" என்பார். (இந்தக் கடைசி ஆளின் பேச்சை மட்டும் கேட்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.) சோமு என்ற குட்டி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் நானும் இப்படிப் பெயர்களாகச் சேர்த்து வைத்திருந்தேன். எந்தப் பெயரைப் பார்த்தாலும் ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. இவர்கள் 'நல்லது' என்று சொல்வது எதை? முயல் ஆசையாகத் தின்பதையா, மளமளவென்று வளர்வதையா, விலை கட்டுப்படியாவதையா, எட்டு வருடம் கழித்தும் அது நம் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பதையா? நான்கும் ஒரே பையில் கிடைக்கும் என்று நம்புவதற்கு எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

சோமு என்பது என் மகன் வைத்த பெயர். அது பெண் என்று பின்னால் மருத்துவர் சொன்னபோதும் பெயரை மாற்ற அவன் ஒப்பவில்லை, அதனால் சோமு சோமுவாகவே இருக்கிறாள். கொளத்தூர்ப் பக்கம் மீன் தொட்டிகளுக்கு நடுவே முயல் கூண்டும் வைத்திருந்த ஒரு கடையில் வாங்கியது. "ஒரு மாசக் குட்டி சார்" என்றார்கள். ஒரு மாதம் என்பது தாயிடமிருந்து பிரிக்கும் வயதே இல்லை. மூன்று வாரத்தில் குட்டிகள் வெளியே வந்து எதையாவது கொறிக்கத் தொடங்கிவிடும் என்றாலும் ஆறிலிருந்து எட்டு வாரம் வரை தாயோடு இருப்பதுதான் அவற்றுக்குப் பாதுகாப்பு. வளர்ந்த முயலின் இரைப்பையில் கடுமையான அமிலம் இருக்கும், தீனியோடு உள்ளே போகும் கிருமிகள் பெரும்பாலும் அங்கேயே செத்துவிடும். பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில் அவ்வளவு அமிலம் கிடையாது, பாலில் இருக்கும் கொழுப்புதான் அதற்குக் காப்பு. பாலும் நின்றுபோய், அமிலமும் இன்னும் முழுதாக ஏறாமல், நடுவில் சில வாரங்கள் இருக்கின்றன பாருங்கள், சரியாக அந்த வாரங்களில்தான் நம் ஊரில் குட்டியை அட்டைப் பெட்டியில் போட்டுக் கையில் கொடுக்கிறார்கள். இடம் மாறுகிறது, தண்ணீர் மாறுகிறது, தீனி மாறுகிறது. கழிச்சல் வந்து இரண்டு நாளில் போய்விட்ட குட்டியின் கதை முயல் வளர்த்த வீடுகளில் ஒன்றாவது இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பெட்டியோடு ஒரு பாலிதீன் கவரில் பச்சை நிறத்தில் கொஞ்சம் குச்சித் தீவனமும் கட்டிக் கொடுத்தார்கள். பெயர் இல்லை, தேதி இல்லை, ஒன்றும் இல்லை. இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "முயல் தீனி சார்." சரி, அந்தத் தீனியில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்றேன். "எல்லாச் சத்தும் இருக்கு சார்." அதற்கு மேல் என்ன கேட்பது?

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கவரைக் குப்பையில் போட்டுவிட்டு இணையத்தில் பார்த்த உயர்ந்த ரகம் எதையாவது வரவழைக்கத்தான் கை பரபரக்கும். செய்யக் கூடாது. முயலின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது, இரைப்பையைவிடப் பெரியது. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் புல்லை நொதிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. என்ன தீனி வருகிறதோ அதற்கேற்ற கூட்டம் அங்கே அமைந்திருக்கும், தீனியை ஒரே நாளில் மாற்றினால் அந்தக் கூட்டம் குலைந்துபோகும், வேண்டாத பாக்டீரியாக்கள் பெருகும். ஆகவே கடைக்காரரிடம் மட்டமான தீனியாகவே இருந்தாலும் இன்னும் கால் கிலோ கேட்டு வாங்கி வருவதுதான் புத்திசாலித்தனம். முதல் சில நாள் அதையே போட்டு, குட்டி புது இடத்துக்குப் பழகிய பிறகு, புதுத் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பழையதைக் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் முழுதாக மாற்ற வேண்டும். இதை நான் எங்கோ படித்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. விதிவிலக்கு ஒன்றுதான், பழைய தீனியில் பூஞ்சை வாடை அடித்தால் அதை எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாது.

பொள்ளாச்சியில் கேட்டது

உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போயிருந்தோம். மண்டபத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒருவர் முயல் பண்ணை வைத்திருக்கிறார் என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொல்ல, மகன் நச்சரிக்க, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பிவிட்டோம். தென்னந்தோப்புக்குள் கம்பிவலைக் கூண்டுகள் வரிசையாக, உள்ளே நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா என்று அவரே பெயர் சொல்லிக் காட்டினார். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வாங்கி வந்த முயல்களின் வம்சம் என்றார். கூண்டுகளின் ஓரத்தில் ஒரு கொட்டகை, அதில் தீவன மூட்டைகள் அடுக்கி வைத்திருந்தார். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. இங்கே முழு மூட்டை, பெயரோடு, தைத்த அட்டையோடு இருக்கிறது. சென்னையில் கிலோ கணக்கில் சில்லறையாக வாங்கும் காசுக்கு இங்கே பத்துக் கிலோ கிடைக்கும். "அண்ணா, இதுல கொஞ்சம் வெலைக்குத் தருவீங்களா, வீட்ல ஒரு குட்டி இருக்கு" என்றேன்.

அவர் உடனே தலையாட்டவில்லை. "உங்க முயலு எத்தன நாளைக்கு இருக்கோணுமுங்க?" என்று கேட்டார்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை. எத்தனை நாளைக்கு என்றால்? வீட்டில் வளர்க்கிறோம், எட்டு வருஷம் பத்து வருஷம் இருக்கும் என்கிறார்கள் என்று இழுத்தேன். அவர் சிரித்துவிட்டார். "அப்ப இது உங்களுதுக்கில்லீங்க. இது எடை ஏத்தற தீனி. மூணு மாசத்துல ரெண்டு கிலோ வரோணும், அப்பத்தான் நமக்குக் கட்டும். அதுக்கு மேல ஒவ்வொரு நாளும் அது உசிரோட இருந்தா எனக்கு நட்டமுங்க." கறி முயல் வளர்க்கிறவர், அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். என் மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், நல்லவேளை, அவன் கவனம் முழுக்கக் கூண்டில் இருந்தது.

சரி, இதைக்கூட நான் ஒரு வியாபாரியின் பேச்சு என்று விட்டிருப்பேன். என்னைப் பிடித்து நிறுத்தியது அடுத்து அவர் காட்டியதுதான். கொட்டகையின் மறுபக்கம் தாய் முயல்களின் கூண்டுகள். அங்கே தட்டில் குச்சித் தீவனம் கொஞ்சமாகத்தான் கிடந்தது. கூண்டு நிறைய வேலிமசால், கல்யாண முருங்கைத் தழை, ஏதோ புல். ஏன் இவற்றுக்கு மட்டும் வேறு சாப்பாடு என்றேன். "இதுகளுக்கு அதக் கொட்டுனா கொழுப்பு வெச்சுப்போயிருமுங்க, சினை புடிக்காது. இது ரெண்டு மூணு வருசம் இருந்து குட்டி போடோணுமுல்ல?"

அதாவது ஒரே கொட்டகையில், ஒரே மனிதர், ஒரே இனத்து முயலுக்கு இரண்டு விதமாகத் தீனி போடுகிறார். எந்த முயல் எவ்வளவு நாள் வாழ வேண்டுமோ அதற்குத் தகுந்த மாதிரி. விற்கப்போவதற்கு மூட்டைத் தீனி, வைத்துக்கொள்ளப்போவதற்குப் புல்லும் தழையும். நான் வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருந்த பதிலை அவர் தினமும் காலையில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

புறப்படும் முன் மூட்டையில் தைத்திருந்த அட்டையைப் படித்துப் பார்த்தேன். கச்சாப் புரதம் குறைந்தபட்சம் 16 சதவீதம். கச்சாக் கொழுப்பு குறைந்தபட்சம் 2. கச்சா நார் அதிகபட்சம் 14. புரதத்துக்கும் கொழுப்புக்கும் 'இதற்குக் குறையாது' என்று உறுதி சொல்கிறார்கள், நாருக்கு மட்டும் 'இதற்கு மேல் போகாது' என்கிறார்கள். கோழித் தீவனத்தில், மாட்டுத் தீவனத்தில் இது நியாயமான வழக்கம்தான். உமியையும் சக்கையையும் கலந்து ஏமாற்றிவிடக் கூடாதே என்று வாங்குகிறவர் பயப்படுவார், அதற்காக நாருக்கு ஓர் உச்சவரம்பு. ஆனால் வீட்டு முயலுக்கு நார்தான் சாப்பாடு. அமெரிக்காவில் விற்கும் முயல் தீவனப் பைகளில் நாருக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையுமே போட வேண்டும் என்பது விதி. நம் ஊர் மூட்டை அட்டையில் இருக்கும் அந்த ஒற்றை 'அதிகபட்சம்' போதும், அந்தத் தீனியைச் செய்தவர் மனதில் எந்த முயல் இருந்தது என்று தெரிந்துகொள்ள.

நார் செய்யும் வேலை

நார் என்றால் மலச்சிக்கலுக்கு நல்லது என்கிற அளவில்தான் நாம் வழக்கமாக நினைப்போம். முயலுக்குள் நடப்பது வேறு கதை. அதன் பெருங்குடல் ஒரு சலிப்பான் போல வேலை செய்கிறது. அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளமான நார்த் துண்டுகளை வேகமாக வெளியே தள்ளிவிடும், அவைதான் நாம் பெருக்கி அள்ளும் உருண்டைப் புழுக்கைகள். நுணுங்கியதையும் கரைந்ததையும் திருப்பி அந்தப் பெரிய பைக்கு அனுப்பும். அங்கே நொதித்து, சளி போல ஒரு படலம் போர்த்திய மென்மையான கொத்தாக அது வெளியே வரும், முயல் அதைத் தரையில் விழவிடாமல் நேராக வாயில் வாங்கி விழுங்கிவிடும். பி வைட்டமின்களும் புரதமும் அதில்தான் அதற்குக் கிடைக்கின்றன. நீளமான நார் குறைந்தால் இந்த ஓட்டம் மந்தமாகும். மாவுச்சத்து கூடினால், குட்டியின் சிறுகுடலால் அதை முழுக்கச் செரிக்க முடியாமல் மிச்சம் அந்தப் பைக்குள் போய்ச் சேரும், அங்கே கிளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியாக்களுக்கு விருந்து. அவை நச்சைச் சுரக்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

இதில் பெல்லட்டுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் பையின் முன்பக்கத்தில் எழுதுவதில்லை. குச்சியாகப் பிடிக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மாவாக அரைத்துத்தான் அச்சில் அழுத்த வேண்டும். ஆய்வகத்தில் சோதித்தால் நார் 20 சதவீதம் காட்டும், ஆனால் அதில் பெரும்பகுதி பொடி. அந்தப் பொடி குடலைத் தள்ளும் வேலையை நீளமான புல் அளவுக்குச் செய்யாது, பல்லைத் தேய்க்கும் வேலையையும் சரியாகச் செய்யாது. முயலின் பற்கள் சாகும்வரை வளரும், வெட்டுப்பல் வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர். பெல்லட்டை அது மேலும் கீழும் கடித்து நொறுக்கி விழுங்கிவிடும். புல்லை மட்டும்தான் பக்கவாட்டில் தாடையை அசைத்து நெடுநேரம் அரைக்கும், கடைவாய்ப்பல் தேய்வது அப்போதுதான். ஆகவே எவ்வளவு உயர்ந்த பெல்லட்டாக இருந்தாலும் அது துணைக்கு வருவதுதான். தட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும் என்று முயல் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இதை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். முயல்களை நான்கு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்குக் காய்ந்த புல் மட்டும், இன்னொன்றுக்குப் புல்லும் ஒரே மாதிரிக் குச்சித் தீவனமும், மூன்றாவதுக்குப் புல்லும் பலவண்ணக் கலவைத் தீனியும், நான்காவதுக்கு அந்தக் கலவை மட்டும் என்று ஒரு வருடத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். கலவைத் தீனி தின்றவை தமக்குப் பிடித்த மக்காச்சோளம், பட்டாணித் துண்டுகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை ஒதுக்கின, புல்லையும் குறைவாகத் தின்றன, பல் கோளாறுகளும் அவற்றில்தான் தலைகாட்டின. நம் ஊர் செல்லப்பிராணிக் கடைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை வளையங்களும் சூரியகாந்தி விதையும் சேர்ந்து பளபளவென்று கண்ணாடி ஜாடியில் இருக்கிறதே, அதுதான் இது. குழந்தைகள் கை நேராக அதற்குத்தான் போகும். அந்த நிறம் நம் கண்ணுக்காகப் போட்டது, முயல் சிவப்பையே சரியாகப் பார்ப்பதில்லை.

பையைத் திருப்பிப் படிப்பது

பண்ணையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய பிறகு எனக்கு வேலை எளிதாகிவிட்டது. பையின் பின்பக்கத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். நார் குறைந்தபட்சம் 18, முடிந்தால் 20க்கு மேல். வளரும் குட்டிக்குப் புரதம் 15, 16 இருக்கலாம், வளர்ந்த பிறகு 12 முதல் 14 போதும். கொழுப்பு 3க்குள். சேர்மானப் பட்டியலில் முதலில் வருவது எது என்பது இந்த எண்களைவிட முக்கியம், ஏனென்றால் பொதுவாக எடை அதிகமானதைத்தான் முதலில் எழுதுவார்கள். முதலில் காய்ந்த புல்லோ குதிரை மசால் என்ற தீவனப் பயிரோ இருந்தால் மேற்கொண்டு படிக்கலாம். மக்காச்சோளம், கோதுமைத் தவிடு, எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு என்று தொடங்கினால் அது பொள்ளாச்சி மூட்டையின் தம்பி, பையில் எவ்வளவு அழகான முயல் படம் போட்டிருந்தாலும்.

கடலைப் புண்ணாக்கு என்று பார்த்தால் நான் இன்னும் கொஞ்சம் தயங்குவேன். புண்ணாக்கில் குற்றமில்லை, மாடு காலகாலமாகத் தின்கிறது. ஆனால் ஈரம் பட்ட நிலக்கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும், அந்த நச்சை மிகக் குறைந்த அளவில்கூடத் தாங்க முடியாத விலங்குகளில் முயல் ஒன்று, ஈரலைப் பாதிக்கும். ஐப்பசி கார்த்திகையில் நம் சென்னைக் காற்றில் திறந்த மூட்டையிலிருந்து அள்ளி விற்கும் தீனியை நினைத்துப் பாருங்கள். இதே காரணத்துக்காகத்தான் எந்தத் தீனியானாலும் தயாரித்த தேதி தெரிய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது. நாள்பட்ட தீனியில் வைட்டமின்களும் சத்தமில்லாமல் போய்விடும்.

அப்புறம் அந்தக் கோழித் தீவன நண்பர். கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சல் நோயைத் தடுக்க மருந்து சேர்ப்பது வழக்கம். அப்படிச் சேர்ப்பவற்றில் சாலினோமைசின், நராசின் போன்றவை கோழிக்கு மருந்து, அதே அளவில் முயலுக்கு விஷம். முட்டைக்கோழித் தீவனத்திலோ ஓடு கெட்டியாவதற்காகச் சுண்ணாம்புச் சத்து 3, 4 சதவீதம் வரை ஏற்றியிருப்பார்கள். மற்ற விலங்குகள் பெரும்பாலும் தேவைக்கு மட்டும் கால்சியத்தை உறிஞ்சும், முயல் கிடைப்பதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். சுண்ணாம்பு கரைத்தது போல வெள்ளையாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அளவு மீறினால் சிறுநீர்ப்பையில் சேறாகப் படியும், கல்லாகும். நண்பரின் முயல் நன்றாகத்தான் இருக்கிறது என்றால் அவர் வாங்கும் மூட்டையில் அந்த மருந்து இல்லை என்று அர்த்தம், அடுத்த மூட்டைக்கு யார் உத்தரவாதம்?

வெளிநாட்டுப் பைகளின் பின்பக்கம் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கிறது, சந்தேகமில்லை. விலையைக் கிலோவுக்குக் கணக்குப் போட்டால் முந்திரிப் பருப்பு விலை வந்து நிற்கும், அது வேறு விஷயம். இதில் கவனிக்க வேண்டியது, பெரிய பையை உடைத்துச் சிறு ஜிப் கவர்களில் போட்டு விற்கும் கடைகள். கவரில் பிராண்டு பெயரை ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள், தேதி அசல் பையோடு போய்விட்டிருக்கும். அதற்குக் கொளத்தூர் பாலிதீனே மேல், குறைந்தபட்சம் அது தன்னை வேறொன்றாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

குட்டிக்கு அளக்கலாமா

இந்த இடத்தில்தான் சண்டை. வளரும் குட்டிக்கு ஆறு ஏழு மாதம் வரை பெல்லட் அளவில்லாமல் போடலாம் என்பது அமெரிக்காவின் ஹவுஸ் ராபிட் சொசைட்டி என்ற முயல் நல அமைப்பு முதற்கொண்டு பலரும் சொல்வது. எலும்பும் சதையும் ஏறும் வயது, கட்டுப்படுத்தாதே என்கிறார்கள். எனக்கு அந்த அறிவுரையோடு மனஸ்தாபம் இல்லை. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் மனதில் இருப்பது குதிரை மசாலை அரைத்துச் செய்த, நார் கூடுதலான தீனி, பக்கத்திலேயே எப்போதும் நிறைந்த காய்ந்த புல் கூடை. அந்த இரண்டையும் விட்டுவிட்டு 'அளவில்லாமல்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் இங்கே கொண்டுவந்து, தவிடும் மக்காச்சோளமுமான குச்சியைத் தட்டு நிறையக் கொட்டினால் கதை வேறாகிவிடும். சீக்கிரம் எடை ஏற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்கள்கூட அப்படிக் கொட்டுவதை நிறுத்தியிருக்கிறார்கள். 1990களின் பிற்பகுதியில் பிரான்ஸின் முயல் பண்ணைகளில் ஒரு கொடிய குடல் நோய் பரவியது, பால் மறந்த குட்டிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அதன் பிறகு அந்த வயதுக் குட்டிகளுக்கு முதல் சில வாரங்கள் தீனியைக் கொஞ்சம் குறைத்தே கொடுப்பது அங்கே பரவலான வழக்கமாகிவிட்டது, சாவு குறைகிறது என்று கண்டதால்.

சோமுவுக்கு நான் செய்தது நடுவழி. காலையும் இரவும் தட்டில் பெல்லட், ஆனால் அடுத்த வேளைக்குள் புல்லையும் ஒரு கை பார்த்திருக்கிறாளா என்பதைப் பொறுத்து அளவு. புல் தொடாமல் கிடந்தால் பெல்லட் கொஞ்சம் குறையும், புல்லும் தீர்ந்து எடையும் ஏறாமல் நின்றால் பெல்லட் கூடும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரு பாத்திரத்தை வைத்து அதில் அவளை உட்கார வைப்பது மகன் வேலை. இது வளரும் குட்டி, பட்டினி போடுவது எந்தக் கணக்கிலும் சேராது. ஊரிலிருந்து வந்த என் சித்திக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. "வாயில்லா ஜீவனுக்குத் தராசு வெச்சாடா சோறு போடுவாங்க, பாவம்டா" என்று என் தலை மறைந்ததும் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டுவிடுவார். ஒரு வாரம் அப்படி ஓடியது. இரவில் தின்ன வேண்டிய மென்மையான கொத்து தின்னப்படாமல் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததைச் சித்தியிடமே காட்டினேன். குண்டான முயலுக்கு எட்டாது, சத்து வேறு வழியில் நிறையக் கிடைத்தால் அதற்கு வேண்டியும் இருக்காது. அதைக் கழுவிவிடும் வேலையைச் சித்தி செய்தார், கைப்பிடி நின்றது.

புல்லுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். வெளிநாட்டுப் பைகளில் காய வைத்து வரும் திமோத்தி என்ற புல் நம் சமவெளியில் விளைவதில்லை, பெரும்பாலும் கப்பலில்தான் வருகிறது. வைக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, ஆனால் சத்தில்லை, சிலிக்கா அதிகம், படுக்கையாகப் போடலாம். குதிரை மசால் கோயம்புத்தூர்ப் பக்கம் நன்றாக விளைகிறது. குட்டிக்கு அது அருமையானது, புரதமும் கால்சியமும் அதிகம், அதே காரணத்துக்காக வளர்ந்த முயலுக்கு அதையே முக்கியச் சாப்பாடாக வைக்கக் கூடாது. நாங்கள் அருகம்புல்லையும் கொழுக்கட்டைப் புல்லையும் நிழலில் உலர்த்தி வைக்கிறோம், தீர்ந்தால் திமோத்தி. சாலையோரத்து அருகம்புல் வேண்டாம், நாய்களும் வண்டிப் புகையும் போதாதென்று எங்கள் தெருவில் கொசு மருந்து வேறு அடிக்கிறார்கள். சித்திரை வைகாசி வெயிலில் முயல் தீனியைக் குறைத்துக்கொள்ளும், அது பெல்லட் பிடிக்காமல் செய்வது இல்லை, சூடு தாங்காமல் செய்வது. அப்போது போய் ருசியான வேறு ரகம் தேடாமல் மின்விசிறியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் கவனித்தால் போதும். ஆனால் அரை நாளாக எதையுமே தின்னவில்லை, புழுக்கையும் இல்லை என்றால், வெயிலோ மழையோ, அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

ஏழாவது மாதத்தில் சோமுவை வளர்ந்த முயலுக்கான தீனிக்கு மெதுவாக மாற்றினோம். இப்போது ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம், அதுவும் உச்சம். தட்டில் பார்த்தால் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும், வருகிற விருந்தாளிகள் எல்லாரும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்ப்பார்கள். இவ்வளவு கொஞ்சம் ஆவதால் ஒரு பெரிய பை வாங்கினால் தீர்வதற்குள் பழசாகிவிடுகிறது, ஜிப் கவர் வாங்கவும் மனசில்லை. அதனால் அம்பத்தூரில் எங்கள் பக்கம் முயல் வளர்க்கும் மூன்று வீடு சேர்ந்து, தேதி பார்த்து ஒரே பையாக வரவழைத்து, அன்றைக்கே பிரித்து எவர்சில்வர் தூக்குகளில் மூடி வைத்துக்கொள்கிறோம். பிரிப்பதில்தான் இன்னும் ஒழுங்கு வரவில்லை. போன தடவை பையின் அடித் தூள் முழுக்க எங்கள் தூக்கில் வந்து சேர்ந்துவிட்டது, சோமு அதை மூக்கால் ஒதுக்கிவிட்டு என்னைப் பார்க்கிறாள், அடுத்த பையை நான்தான் பிரிப்பேன் என்று மற்ற இரண்டு வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறேன்.